வெயிலும் நானும் வெள்ளைக் கிரீமும்



நம்ம வேலூரை வெளியூர்க்காரர்கள் ‘வெயிலூர்’ என்றுதான் கிண்டல் செய்வார்கள். அந்த வெயிலில் 1500 மீட்டர் ஓடிப் பழகுகிறவள் நான். ஓட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஓடுகிறவர்களின் தோலைப் பற்றி எழுதுகிறேன். நம் பள்ளியில் இன்னும் நாலைந்து பேருக்கு இதே தொல்லை இருப்பது எனக்குத் தெரியும். கேட்டால் “வேர்க்குருதான்” என்று சொல்லி மறைத்துவிடுகிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிக்கான பயிற்சி ஆரம்பமானது. தினமும் சாயங்காலம், சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 வரை. சென்னையிலிருந்து வந்த சித்தி ஒரு சன்ஸ்க்ரீன் டியூப் வாங்கி வந்து, “இதைப் போட்டுக்கோடி, இல்லேன்னா கரிக்கட்டை ஆயிடுவே” என்றார். போட்டுக்கொண்டேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் கன்னம், கழுத்து, கை எல்லாம் சிவந்து, பொடிப் பொடியாய்க் கொப்பளம். ராத்திரியில் அரிப்பு தாங்க முடியாது. வியர்வை பட்டால் மிளகாய்த்தூள் தடவின மாதிரி எரியும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பாட்டி சந்தனம் அரைத்தார். அப்பா உப்பைக் குறைக்கச் சொன்னார். (உப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ!) அம்மா மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கிரவுண்டுக்கே போக வேணாம். பொம்பளைப் புள்ள மூஞ்சி கெட்டுப் போனா யார் பதில் சொல்றது?” எனக்கு அரிப்பைவிட அந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது. போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

பி.டி. மிஸ் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசி, “முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றார். டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் கேள்விதான் நிறையக் கேட்டார். “போன வருஷமும் ஓடினியா? அப்போ வந்துச்சா?” வரவில்லை. “கிரீமை எது வரைக்கும் தேய்ச்சே?” தோள் வரைக்கும். “சட்டைக் கையைத் தூக்கு பார்ப்போம்.” தூக்கினேன். எங்கள் எல்லாருக்குமே ஆச்சரியம். சட்டை மூடியிருந்த இடத்தில் ஒரு கொப்பளம்கூட இல்லை! அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, சட்டைக் கை முடிகிற இடத்தில்தான் சிவப்பு ஆரம்பித்தது.

கிரீம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் சட்டைக்குள்ளேயும் வந்திருக்க வேண்டும். வெயில் மட்டும் காரணமாக இருந்திருந்தால் போன வருஷமே வந்திருக்க வேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் வருகிறது. இதற்கு ‘ஒளி ஒவ்வாமை’ என்று பெயராம். கிரீமில் உள்ள ஒரு வேதிப்பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் மாறிவிடுகிறது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறது. முதல் தடவை ஆளை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும், அடுத்தடுத்த தடவைதான் அடிக்கும். எனக்கு முதல் வாரம் வராததற்கு அதுதான் காரணம். சித்தி மகள் அதே டியூபை ஜம்மென்று போட்டுக்கொள்கிறாள், அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஆளுக்கு ஆள் மாறுமாம்.

டியூபின் பின்னால் எறும்பு எழுத்தில் இருந்ததை டாக்டரம்மா படித்துக் காட்டினார். ஆக்ஸிபென்சோன். சில டியூப்களில் பென்சோபீனோன்-3 என்று போட்டிருக்கும், ரெண்டும் ஒன்றேதான். இது சேர்ந்த பென்சோபீனோன் குடும்பத்தை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2014-ஆம் ஆண்டின் ‘ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்ததாம். நமக்கு ஆண்டு விழாவில் சிறந்த மாணவர் விருது தருவது மாதிரி! பவளப் பாறைகளைக் கெடுக்கிறது என்று ஹவாய்த் தீவில் 2021 முதல் ஆக்ஸிபென்சோன் உள்ள சன்ஸ்க்ரீன் விற்கவே தடையாம். வாசனைக்குச் சேர்க்கிற பொருளும் சிலருக்கு ஆகாது. புண் ஆறும்வரை சந்தனம்கூட வேண்டாம் என்றதும் பாட்டி முகம் வாடிவிட்டது.

ஒரு வாரம் களிம்பு. அந்த வாரம் முழுக்க விடிகாலை ஐந்தரைக்கே, சூரியன் வருவதற்கு முன்னால் ஓடிவிட்டு வந்தேன். பிறகு வேறு கிரீம் எழுதித் தந்தார். அதில் ஜிங்க் ஆக்சைடு. கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் உதட்டிலும் வெள்ளையாகப் பூசிக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சரக்குதான். அம்மைக்குப் போடுகிற ரோஸ் கலர் காலமைன் லோஷனிலும் இதுதான் இருக்கிறது. (காலமைனைப் பூசிக்கொண்டு வெயிலில் ஓடாதீர்கள், அது சன்ஸ்க்ரீன் இல்லை.)

உடனே முகத்தில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு, தினம் ரெண்டு வேளை, ஒரே இடத்தில், ஒரு வாரம். நடுவில் அந்த இடத்தில் கொஞ்சம் வெயிலும் பட வேண்டும். என் ஒவ்வாமைக்கு வெயில் படாமல் சோதிப்பது பாதிச் சோதனைதானே! ஏழு நாளும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆனால் மாநிறத் தோலில் ஜிங்க் பூசினால் எப்படி இருக்கும் தெரியுமா? சாம்பல் பூத்த கத்திரிக்காய் மாதிரி. எட்டாம் வகுப்புப் பையன்கள் வைத்த பெயர் ‘பவுடர் டப்பா’. ரெண்டு நாள் அழுகை வந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. டாக்டரம்மா அம்மாவிடம் சொன்னதைத்தான் நினைத்துக்கொள்வேன்: “கறுக்காம இருக்கறதுக்கு இது இல்லம்மா, தோல் வேகாம இருக்கறதுக்கு.” என் நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, கடைசி 300 மீட்டரில் மூச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடுகிற கதிரில் ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு அதிக விலை தேவையா என்று நான் யோசித்து 30-ஏ போதும் என்றேன். வியர்க்கும், அதனால் ரெண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நெற்றியில் குறைத்துப் போட்டுத் தொப்பி வைத்தால் கண்ணுக்குள் வழியாது. முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டால் கைக்குக் கிரீமே தேவைப்படவில்லை. காசும் மிச்சம்.

இன்னொன்று, பி.டி. மிஸ் சொல்லித் தந்தது. உன் நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். காலை 10 மணிக்கு கிரவுண்டில் நின்று பாருங்கள், நிழல் உங்களைவிடக் குட்டையாகத்தான் கிடக்கும். இதை மிஸ் தலைமையாசிரியர் ஐயாவிடம் காட்டிய பிறகுதான் சனிக்கிழமைப் பயிற்சி ஆறரை மணிக்கு மாறியது. சீக்கிரம் எழ வேண்டியிருக்கிறதே என்று என்னைத் திட்டுகிறவர்கள் இனி நிழலைத் திட்டவும்!

குறுவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். மாவட்டப் போட்டிக்குப் பெயர் போயிருக்கிறது. அம்மா இப்போது கிரவுண்டைப் பற்றிப் பேசுவதில்லை, “கிரீம் போட்டியா?” என்று மட்டும் கேட்கிறார்.

வேர்க்குரு என்று மறைத்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேரும் உங்கள் டியூபை எடுத்துக்கொண்டு இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். பின்பக்கத்து எறும்பு எழுத்தைச் சேர்ந்து படிப்போம். ஆனால் கொப்பளம் வந்தவர்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும், என்னிடம் இல்லை.

- பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி