மூன்றாவது காண்டாக்டர்

எலக்ட்ரிகல் படிக்காதவர்கள் நடுவில் இரண்டு பாராவைத் தாண்டிப் போகலாம்.

போன மாதம் ஒரு ராத்திரி பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். “கெப்பாசிட்டர் பேனல்ல மூணாவது காண்டாக்டரும் ஒட்டிக்கிச்சுங்க சார். முதலாளி சம்பளத்துல பிடிப்பேங்கறாருங்க” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் காண்டாக்டர் போனபோதே என்னிடம் கேட்டிருந்தான். “ஒரு சைஸ் பெரிசா போடுப்பா” என்று சொன்னவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

ஆறு ஸ்டெப், ஒவ்வொன்றும் 25 கே.வி.ஏ.ஆர். 415 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர். எல்லாம் மோட்டாருக்குப் போடும் சாதா காண்டாக்டர். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். அதை இது தாங்கும். கெப்பாசிட்டர் கதை வேறு. காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் சுவிட்ச் போடும் கணத்தில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். தனியாக ஒன்றே ஒன்று என்றால் டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் பக்கத்திலேயே அதே பஸ்பாரில் ஐந்து கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகி நிற்கின்றனவே! நிரம்பிய ஐந்து தொட்டிகளுக்கு நடுவே காலித் தொட்டியின் வால்வைத் திறந்தது போல, ஐந்தும் இதற்குள் பாயும். நூறு மடங்குக்கு மேல்கூடப் போகும். சில மில்லிசெகண்ட்தான். அதற்குள் காண்டாக்ட் முனை துள்ளி, உருகி, ஒட்டிவிடும். சைஸைப் பெரிதாக்கினால் சாவு சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

இதற்கென்றே கெப்பாசிட்டர் டூட்டி காண்டாக்டர் இருக்கிறது. தலையில் சுருள் கம்பி ரெசிஸ்டன்ஸ் இருக்கும். மெயின் காண்டாக்டுக்குச் சற்று முன்பே அதன் வழியாகக் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிடும். இன்னொரு கோளாறும் கண்ணில் பட்டது: கண்ட்ரோலரில் யாரோ மறுபடி சேர்க்கும் நேரத்தை 15 விநாடி என்று வைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர் மேலேயே 60 விநாடி என்று எழுதியிருக்கிறது. பழைய சார்ஜ் வடியுமுன் சேர்த்தால் அடி இன்னும் பலம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. கண்ட்ரோலர் ‘ஆஃப்’ காட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய ஃபேஸில் கரண்ட் இருந்தது. பையன் டெஸ்டர் வைத்துப் பார்த்ததால் பிழைத்தான். விளக்கை நம்பிக் கை வைத்திருந்தால்?

முதலாளியிடம், “தப்பு யோசனை சொன்னது நானுங்க” என்றேன். “வாத்தியாரையே கூட்டிட்டு வந்துட்டானா?” என்று சிரித்தார். ஆறு காண்டாக்டருக்கும் ஆர்டர் போட்டார். சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றாம் தேதி பையன் போன் செய்தான்: “முழுசா வந்துடுச்சுங்க சார்.”

பவர் ஃபேக்டர் கணக்கை வருஷா வருஷம் போர்டில் போட்டேன். எத்தனை கே.வி.ஏ.ஆர். வேண்டும் என்று உங்களுக்கு இன்றும் தெரியும். அதை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு பீரியடும் எடுக்கவில்லை. மில்லில் இருப்பவர்கள் நாளைக்கு உங்கள் பேனலில் என்ன காண்டாக்டர், கண்ட்ரோலரில் எத்தனை விநாடி என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். திறக்குமுன் மெயினை ஆஃப் செய்து, மூன்று நிமிஷம் பொறுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு.