முதல் செலவு பட்டைக்கு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் 2009-ம் வருட பொலிரோ ஒன்று வாங்கினார். பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்த வண்டி. அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. வாங்கிய வேகத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். முன்னால் கம்பி பம்பர் போடச் சொன்னார் ஒருவர். கூரையில் எல்.இ.டி. விளக்கு வரிசை வைக்கச் சொன்னார் இன்னொருவர். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கெத்தாக இருக்கும் என்றார் மூன்றாமவர். நண்பருக்கோ வேறு கவலை. "டிரைவர் பக்கம் சாஞ்சே நிக்குதுங்க. பட்டை வேலைக்கு ஒருத்தரச் சொல்லியிருக்காங்க, நீங்களும் வாங்க" என்று அழைத்தார். பட்டை என்று அவர் சொன்னது வண்டியின் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கை.

கோயமுத்தூர் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட பட்டறை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. அறுபதைத் தாண்டிய பெரியவரும் அவர் மனைவியும்தான் வேலை செய்கிறார்கள். சுமை தூக்க மட்டும் பீகார்ப் பையன் ஒருவன்.

வண்டியைச் சேசிஸில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, யூ போல்ட்டுகளை அறுத்து எறிந்தார் பெரியவர். "ஒருக்கா இழுபட்ட போல்ட்டு மறுக்காப் புடிக்காதுங்க. புதுசுதான் போடோணும்." சென்டர் போல்ட் கழன்றதும் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தரையில் கிடந்தன. இடையிடையே துருவும் தேங்காய் நாரும்.

சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருந்த வளைந்த கம்பிகளை அப்போதுதான் கவனித்தேன். கமாண்டர், சுமோ, ஜிப்ஸி, பொலிரோ என்று ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எழுத்து. புதுப் பட்டை எங்கே கண்ணில் பட்டாலும் அதன்மேல் கம்பியை வைத்து வளைத்து எடுத்துக்கொண்ட அளவுகள் அவை. நாற்பது வருடச் சேகரிப்பு. நண்பரின் மெயின் பட்டைமேல் பொலிரோ கம்பியை வைத்தார். நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. பதினைந்து வருடம் தேங்காயும் உர மூட்டையும் ஏற்றியதில் அந்த எஃகு இழந்த வளைவு அவ்வளவு. உற்பத்தி நிறுவனங்களின் வரைபடம் இந்தப் பட்டறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் குறையைத் தன் கையாலேயே தீர்த்துக்கொண்டவரைப் பொறியாளர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உலையைக் கவனிப்பது அந்த அம்மா. பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று அவர்தான் சொன்னார்: "வெயில்ல பாத்தா இரும்போட நெறம் தெரியாதுங்க." கருஞ்சிவப்பு, ரத்தச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு சாயும் சிவப்பு. "போதும் மாமா" என்று அவர் சொன்ன நொடியில் பட்டை வெளியே வந்தது. பாடநூல்கள் ஸ்பிரிங் எஃகுக்குச் சொல்லும் 850 டிகிரிக்குப் பக்கத்து நிறம் அது. பெரியவர் சம்மட்டியால் வளைவை ஏற்றிக் கம்பியோடு ஒத்துப் பார்த்துவிட்டு எண்ணெயில் முக்கினார். தண்ணீரில் முக்கினால் இந்த எஃகு விறைத்து, மலையேறும்போது கண்ணாடியாய் உடைந்துவிடும்.

வேலை அத்தோடு முடியவில்லை. பல பட்டறைகளில் விட்டுவிடுகிற படி ஒன்று உண்டு. எண்ணெயில் குளிர்ந்த பட்டையை மறுபடி இளஞ்சூடாக்கி, அதன்மேல் வேப்பங்குச்சியைத் தேய்த்தார். குச்சி கருகிப் பொறி ஓடியதும் எடுத்துத் தனியாக ஆறவிட்டார். 450 டிகிரியை ஒட்டிய சூடு அது. விறைப்பைக் குறைத்து நெகிழ்வைத் திருப்பிக் கொடுப்பது இந்தச் சூடுதான். நெருப்பே காட்டாமல் பச்சையாகத் தட்டி வளைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சில மாதங்களில் அது பழையபடி படுத்துவிடும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துத் தூக்கிவிடலாமா என்று நண்பர் மெல்லக் கேட்டார். பெரியவர் மறுத்துவிட்டார். காலி வண்டியில் கூடுதல் பட்டை போட்டால் வண்டி குதிக்கும். பட்டையைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விடும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். சட்டமும் அவர் பக்கம்தான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே வருட மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. கம்பி பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் தடை சொல்லிவிட்டது.

புஷ் மாற்றியது, பாடியில் டிங்கரிங் செய்தது பற்றியெல்லாம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு டயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமலே கிழடான டயர் அது. முகப்பு விளக்குக்குப் புது பல்பு வாங்குமுன் ரிலே வைத்து நேராக பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தால் பழைய பல்பே பளிச்சென்று எரியும். சில நூறு ரூபாய் வேலை.

பெரியவரின் அப்பா பல்லடம் பக்கத்தில் ஏர்க்கொழுவும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையும் அடித்தவர். லாரிகள் பெருகியபோது மகன் கோயமுத்தூருக்கு வந்தார். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனித் தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கியதைக் கொங்கு நாடே பெருமையாகச் சொல்லும். அவர் பெயரிலான கார் அருங்காட்சியகம் அவிநாசி ரோட்டில் இருக்கிறது. அந்தக் காலத்து பஸ்களைக் கல்ரோட்டில் நிற்க வைத்த பட்டைக் கொல்லர்களில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் வாசித்ததில்லை.

இன்றும் அப்படித்தான். அந்த அம்மா கணக்கு நோட்டைக் காட்டினார். அலங்காரப் பொருள் விற்கும் கடைகள் 'சஸ்பென்ஷன் அப்கிரேட்' என்று வண்டிக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு, கழற்றிய பட்டையை ஆட்டோவில் இங்கே அனுப்புகின்றன. திரும்பப் போனதும் கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிவிடுகிறார்கள். இங்கே கொடுக்கும் கூலியைப்போல் மூன்று மடங்கு பில்லில் ஏறுகிறது. வண்டியைக் கூட்டிவருபவருக்கும் கமிஷன் உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த வண்டி வேறு பட்டறைக்குப் போய்விடும். நெருப்பருகே நிற்காதவர்கள் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதில் கரியும் எண்ணெயும் வாங்கி, பையனுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதை வியாபாரம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. ஒருவர் உழைப்பை மறைத்து வைத்து இன்னொருவர் விற்பது திருட்டுதான். மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவரின் உயிரைத் தாங்குவது அந்த அம்மா பார்த்துச் சொன்ன நிறம். அதைச் சொன்னவருக்கு மிகக் குறைந்த பங்கு என்பது எந்த ஊர் நியாயம்?

வேலை முடிந்து வண்டி நேராக நின்றது. 500 கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வரச் சொல்லியிருந்தார் பெரியவர். நண்பர் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போய்விட்டு, சில நாளில் பட்டறைக்கு வந்தார். இரண்டு நட்டுகள் கால் சுற்று இறுகின. "இதுக்கெல்லாம் காசு எதுக்குங்க" என்றார் பெரியவர். அந்த அம்மா நோட்டை எடுத்து, ஐம்பது ரூபாய் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.