பிரித்துப் போட்ட பேருந்து

கணினி விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை உருவாக்கியவர்கள் நினைத்தும் பாராத வண்டிகளையும் வீதிகளையும் மனிதர்களையும் அதற்குள் புகுத்தும் வேலைக்கு 'மாடிங்' என்று பெயர். (காங்கேயம் காளைகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது வேறு நினைவுதான் வந்தது.) இதைக் கற்க முறையான படிப்பு வேண்டுமா என்ற கேள்வி, கதையும் கவிதையும் பேசும் இவ்விடத்துக்குச் சற்று அந்நியமாகத் தோன்றலாம். எங்களுக்கு அது சென்ற ஆண்டு இரண்டு லட்ச ரூபாய்க் கேள்வியாக வீடு தேடி வந்தது. ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளுக்கு நிறம் பிரித்துக் கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்றை நடத்துகிறோம். பனியன்மேல் ஐந்து நிறத்தில் ஒரு புலி அச்சாக வேண்டுமென்றால், அந்தப் புலியை ஐந்தாகப் பிரித்து ஐந்து பிலிம் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். தம்பி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய மகன் பள்ளி விடுமுறைகளில் எங்கள் கணினிமுன் வந்து உட்காருவான். கோரல்டிராவை அவனுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. பார்த்தான், தொட்டான், கெடுத்தான், சரிசெய்தான்.

அவனுடைய ஆர்வம் புலியில் இல்லை, பேருந்தில். 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்றொரு கைபேசி விளையாட்டு உண்டு. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017இல் வெளியிட்டது. அந்நாட்டுச் சாலைகளில் பேருந்து ஓட்டுவதைத் தவிர அதில் பெரிய சாகசம் ஏதுமில்லை. ஆனால் ஆடுபவர் தம் விருப்பப்படி வண்டியின் மேற்பூச்சை மாற்றிக்கொள்ளவும், தாமே வடிவமைத்த வண்டியை உள்ளே கொண்டுவரவும் நிறுவனமே வழி வைத்திருக்கிறது. விளைவாக, ஜாவாவின் சாலைகளில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் ஓடுகின்றன. கேரளத்துச் சுற்றுலாப் பேருந்துகள் அலங்காரத்தோடு அவற்றை முந்துகின்றன. மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பின்னர் முகத்தில் இளஞ்சிவப்பு பூசிக்கொண்ட நகரப் பேருந்தும் அங்கே வந்துவிட்டது. பெயர் தெரியாத இளைஞர்கள் பலர் கணினியிலும் கைபேசியிலுமாக இரவெல்லாம் கண்விழித்து இழைத்தவை இவை. தம்பி மகனும் அக்கூட்டத்தில் ஒருவன்.

ஒருநாள் அவன் தன் வண்டியின் மேற்பூச்சுப் படத்தை அச்செடுத்து மேசைமேல் போட்டிருந்தான். இடப்பக்கம், வலப்பக்கம், முகப்பு, பின்புறம், கூரை என்று ஒரு சதுரத்துக்குள் பேருந்து துண்டு துண்டாகக் கிடந்தது. வண்ணங்களோடு வாழும் எங்களுக்கே அது என்னவென்று உடனே பிடிபடவில்லை. மாலையில் மகனை அழைத்துப்போக வந்த தம்பி ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பஸ்ஸோட பேட்டர்னுங்களா அண்ணா?" என்றார்.

அதுவேதான். முப்பரிமாணப் பொருளொன்றின் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்பி, அதன்மேல் வண்ணம் தீட்டி, மறுபடியும் பொருளுக்குப் போர்த்துவது மாடிங்கில் இன்றியமையாத ஒரு வித்தை. பனியனை முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று பிரித்து அட்டையில் வெட்டிவைப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. பையன் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில், தோலை எந்தக் கோட்டில் வெட்டிப் பிரிப்பது என்று குறிப்பதற்குப் பெயரே 'சீம்'. தையல் மூட்டு என்று பொருள். பிரித்த துண்டுகளைச் சதுரத்துக்குள் இடம் வீணாகாமல் அடுக்குவது, துணிமேல் மார்க்கர் போடும் அதே வேலை. அன்று தம்பி, கூரைத் துண்டைத் திருப்பி வைத்தால் ஓரத்தில் இடம் மிச்சமாகும் என்றார். பையன் செய்து பார்த்தான். மிச்சமாயிற்று. கணினியைத் தொட்டே பழகாத ஒரு மனிதர், முப்பது ஆண்டுகள் கத்தரித்த துணியிலிருந்து அந்த விடையை எடுத்துக் கொடுத்தார்.

பிளெண்டரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் டோன் ரோசெண்டால் உருவாக்கியது அது. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபின், 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி அதன் மூலநிரலை விடுவித்தார்கள். இன்று எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கருவிக்கே பணம் கட்ட வேண்டியிருந்தால், கட்டிங் மாஸ்டர் மகனுக்கு இந்தக் கேள்வியே எழுந்திராது.

ஒன்றுமில்லாத வெற்றுத்திரையிலிருந்து விளையாட்டு ஒன்றை ஆக்குவதும், ஆக்கப்பட்டதை மாற்றுவதும் இரு வேறு கல்விகள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. மாற்றுபவனுக்கு முன்னால் முடிந்த பொருள் ஒன்று நிற்கிறது. அதுவே ஆசிரியர், அதுவே தேர்வாளர். தவறாகச் செய்தால் சக்கரம் கழன்று வானத்தில் சுற்றும். எங்கள் பையனின் முதல் வண்டியில் அப்படித்தான் சுற்றியது. சக்கரத்தின் சுழற்சி மையம் அதன் நடுவில் இல்லாமல் வண்டியின் நடுவில் இருந்திருக்கிறது. இந்தோனேசியப் பையன் ஒருவன் போட்ட காணொளியைப் பார்த்துத் திருத்தினான். மொழி ஒரு சொல்லும் தெரியாது. அம்புக்குறி போகும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்பூரில் இது புதிய கற்றல் முறையன்று. கைமடிக்க வந்தவர், டெய்லரின் கையைப் பார்த்துப் பார்த்துச் சில ஆண்டுகளில் ஓவர்லாக்கில் உட்காருவார். பிறகு பிளாட்லாக். பிறகு சொந்தமாக நான்கு மெஷின். விவசாயக் கூலிகளாகவும் பனியன் தொழிலாளர்களாகவும் இருந்தவர்கள் முதலாளிகளான இந்தக் கதையை ஷாரத் சாரி 2004இல் 'பிரட்டெர்னல் கேபிடல்' என்ற ஆய்வு நூலாகவே எழுதினார். தம் உயர்வுக்குக் காரணமாக அவர்கள் சொன்ன 'உழைப்பு' என்ற தமிழ்ச் சொல்லை அவர் அந்நூலில் விரிவாக ஆராய்கிறார். ஆனால் அதே ஊரில்தான், 1990இல் அமைந்த ஏற்றுமதியாளர் சங்கம் 1997இல் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கவும் செய்தது. கையால் கற்று மேலே வந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டிக் கொடுத்தது. இதை முரண்பாடு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கோவைப் பக்கத்தில் இதற்கொரு மூத்த உதாரணம் உண்டு. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மயங்கி, பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, கழற்றிப் பூட்டித் தானே மெக்கானிக் ஆனவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கினார். அவரே 1945இல் ஆர்தர் ஹோப் பெயரிலான பொறியியல் கல்லூரிக்கு வித்திட்டு, அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழிவந்தது. நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டே போதும் என்று அவர் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை. விலகிவிட்டார். நாயுடுவை மேற்கோள் காட்டிப் படிப்பை உதறச் சொல்பவர்கள், அவர் காலத்தின் நீளத்தைப் பற்றித்தான் சண்டையிட்டார், கல்லூரியே கூடாதென்று சொல்லவில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

வெளியுலக உதாரணங்களும் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும். 1993இல் வந்த டூம் விளையாட்டில், படங்களும் களங்களும் மூல நிரலிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அதனாலேயே எவரும் அவற்றை மாற்ற முடிந்தது. அதன் நிரலாளர் ஜான் கார்மாக் இரண்டு பருவத்தோடு கல்லூரியை விட்டவர். பையன் இதை எங்களிடம் அடிக்கடி சொல்வான். ஹாஃப்-லைஃபுக்கான மாடாக 1999இல் பிறந்து, அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனத்தால் கடை விற்பனைக்கு வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் கதையையும் சொல்வான். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான மின் லே அப்போது கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் கணினியியல் மாணவர் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். அதை நாங்கள் சொன்னோம்.

மேற்பூச்சிலும் வடிவத்திலும் எவர் உதவியுமின்றி ஏறிய பையன், ஓரிடத்தில் நின்றுபோனான். கதவு ஒரே நேரத்தில் மடங்கியும் நகர்ந்தும் திறக்க வேண்டும். அதற்கு இடப்பெயர்ச்சியையும் சுழற்சியையும் எந்த வரிசையில் பெருக்குவது என்று தெரிய வேண்டும். காணொளியில் கண்ட எண்களை மாற்றி மாற்றிப் போட்டான். சில நேரம் சரியானது. ஏன் சரியானது என்று கேட்டால் விடையில்லை. அடுத்த வண்டிக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இந்த 'ஏன்' இல்லாத கைத்திறன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்த்த ஊர் இது. சாயப்பட்டறையில் கண்ணால் பார்த்தே ஷேடு சொல்லும் மேதைகள் எங்களிடம் இருந்தார்கள். சாயத்தைத் துணியில் ஏற்ற அள்ளிக் கொட்டிய உப்பு எங்கே போகிறது என்பது அந்த மேதைமைக்குள் அடங்கவில்லை. அது நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் ஊரே வேதியியல் படித்தது. அறியாமை மட்டும் காரணமன்று, செலவைத் தவிர்க்கும் ஆசைக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பேருந்து பொம்மையிலும் அந்தச் சாயல் தெரிந்தது. வேறொருவர் வடித்த வடிவத்தைப் பூட்டுடைத்து எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வது அவ்வுலகில் அன்றாட நிகழ்ச்சி. உழைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எந்தக் காணொளியும் கற்றுத்தருவதில்லை. (புத்தகங்களைப் படியெடுத்துச் சுற்றுக்கு விடும் இலக்கிய நண்பர்கள் இவ்விடத்தில் கோபிக்க வேண்டாம்.)

இந்நிலையில்தான் தம்பி கேட்டார்: "கேமிங் கோர்ஸுன்னு ஒண்ணு இருக்குதாமுங்க அண்ணா. வருசத்துக்கு ரெண்டு லட்சம். கட்டலாமுங்களா?" பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தோம். முதல் ஆறு மாதம் படம் திருத்துதல், வடிவம் வார்த்தல், தோல் உரித்தல். அவன் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவை. அவன் நின்றுபோன இடத்துக்கான கணிதம் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. மாடிங் கற்க அவனுக்குப் பள்ளி தேவைப்படவில்லை. மாடிங்குக்கு அப்பால் போகத்தான் தேவைப்பட்டது. அந்தப் படிப்பு விற்றதோ முன்னதை. எனவே கட்ட வேண்டாம் என்றோம். அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் சேர்க்கச் சொன்னோம்.

பையன் முகம் சுண்டிப்போயிற்று. "மேத்ஸ் படிச்சுட்டு பஸ் எப்ப பெரியம்மா பண்றது?" என்றான். பிறகு சேர்ந்தான். அணிகளின் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறும் என்பது பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த பாடமாம். இரண்டாம் முறை வகுப்பில் அது வந்த வாரம், தன் பழைய கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்தில் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருந்தான். அதற்காக எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு தாளில் அரியர் வைத்திருக்கிறான். பேருந்துகளுக்கு இதுவரை எவரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. மாதிரிப் பனியன்களை அச்சடிக்கும் முன்பே முப்பரிமாணத்தில் காட்டும் வேலைக்கு நாங்கள் கொடுப்பதுதான் அவன் கைச்செலவு.

தம்பிக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை. கோர்ஸ் முடித்திருந்தால் சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட்டாவது கிடைத்திருக்கும் என்கிறார். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார். இப்போது இழைத்துக்கொண்டிருப்பது தாழ்தள நகரப் பேருந்து. அதன் கதவுத் துண்டுகளைச் சதுரத்தில் எங்கே வைப்பது என்பதில் அப்பனுக்கும் மகனுக்கும் மூன்று வாரமாக ஒத்துவரவில்லை.