ஐந்தாம் முயற்சி

விளையாட்டுக் களத்தில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்பர். ஆயினும் நடுவரும் மனிதரே. அவர்தம் கண் தவறலாம், எண்ணிக்கை பிசகலாம். அவ்வாறு பிசகிய எண்ணிக்கை, ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரு அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் முன் ஒரே வினாவை வைத்தது. உரிமையின்றிக் கிடைத்த வெற்றியை என்ன செய்வது? அவ்விரு அணிகளும் அளித்த விடைகள் வெவ்வேறானவை.

அமெரிக்கர் கால்பந்து என அழைக்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, தோழருக்கு எறிந்தோ எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பதே அதன் நோக்கம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எல்லைக்கோட்டுக்கு அருகில் இறுதி நான்கு முயற்சிகளை மேற்கொள்ளும் அணிக்கு ஐந்தாவது என ஒன்று கிடையாது.

1940ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் நகரில் டார்ட்மத் கல்லூரியும் கார்னெல் பல்கலைக்கழகமும் மோதின. கார்னெல் நெடுநாளாகத் தோல்வி காணாத அணி. நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்று. ஆயினும், அன்று டார்ட்மத் 3–0 என முந்தியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே எஞ்சிய நிலையில், கார்னெல் எல்லைக்கோட்டுக்கு ஆறு கெஜம் அருகே வந்துவிட்டது. மூன்று முறை முட்டி மோதியும் கோட்டைக் கடக்க இயலவில்லை. நான்காம் முயற்சியில் எறிந்த பந்தையும் டார்ட்மத் வீரர் தட்டிவிட்டார். பந்து டார்ட்மத் அணிக்கு உரியதாகியிருக்க வேண்டும். ஆனால், இடையில் விதிக்கப்பட்ட ஒரு தண்டத்தால் குழம்பிய நடுவர் ஃப்ரைசெல், கார்னெலுக்கு இன்னும் ஒரு முயற்சி உண்டெனக் கருதிப் பந்தை அவ்வணிக்கே அளித்தார். அந்த ஐந்தாம் முயற்சியில் கார்னெல் எல்லையைக் கடந்தது. ஆட்டம் 7–3 என முடிந்தது.

ஆட்டத்தைப் பதிவுசெய்த படச்சுருள் பின்னர்த் திரையிடப்பட்டது. முயற்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். ஐந்து என்பது ஐயமின்றித் தெரிந்தது. நடுவர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால், ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. விதிப்படி வெற்றி கார்னெலுடையதே. அதை வைத்துக்கொள்ள எவரும் தடை சொல்லவியலாது. எனினும், பயிற்சியாளர் கார்ல் ஸ்நேவ்லியும் பல்கலைக்கழகத்தாரும் அவ்வெற்றியைத் துறக்க முடிவு செய்தனர். ஆட்டம் நடந்த மூன்றாம் நாளே டார்ட்மத்துக்கு வாழ்த்துத் தந்தி பறந்தது. தோல்வியறியாத் தொடர் அதனோடு முடிந்துபோயிற்று.

1990ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அதே பிழை மீண்டும் நிகழ்ந்தது. மிசௌரி பல்கலைக்கழகக் களத்தில் 31–27 எனப் பின்தங்கியிருந்த கொலராடோ அணி, இறுதி நொடிகளில் எல்லைக்கோட்டை நெருங்கியது. முயற்சிகளின் எண்ணைக் காட்டும் பலகையை ஒருமுறை மாற்ற மறந்தனர். அதனால் ஐந்தாம் முயற்சி நான்காவது எனக் கொள்ளப்பட்டது. அதில் கொலராடோ எல்லையைக் கடந்து 33–31 என வென்றது. தொலைக்காட்சிப் பதிவு பிழையை உலகறியக் காட்டியது. நடுவர் குழு பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது, முடிவோ மாறவில்லை. வெற்றியை விட்டுக்கொடுக்கப் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி இசையவில்லை. அவ்வாண்டு தேசிய வெற்றியாளர் பட்டத்தையும் கொலராடோ பகிர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் கழித்து, 1998இல் மெக்கார்ட்னி அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

இத்தகைய பிழைகளைத் தடுக்கக் கருவியை நாடுவது இயல்பே. நடந்ததை மீண்டும் காட்டும் உடனடி மறுகாட்சி, 1963இல் இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டத்தில் தொலைக்காட்சியில் அறிமுகமாயிற்று. அதைக் கண்டோர் மீண்டும் ஒரு வெற்றிப்புள்ளி கிட்டியதென மயங்காதிருக்க, வருணனையாளர் விளக்கம் கூற வேண்டியிருந்தது. ஆனால், கல்லூரி ஆட்டங்களில் தீர்ப்பை ஆராயும் முறையாக அது 2004இல்தான் முதலில் ஒரு கூட்டமைப்பில் சோதிக்கப்பட்டது. கிரிக்கெட்டின் மூன்றாம் நடுவரைப் போல, களத்துக்கு மேலுள்ள அறையில் அமர்ந்த ஒருவர் காட்சியை ஆராய்கிறார். மறுக்கவியலாத காட்சிச் சான்று இருந்தால் மட்டுமே களநடுவரின் தீர்ப்பு மாறும். ஐயம் எஞ்சினால் முன்னைய தீர்ப்பே நிற்கும்.

கருவி வந்தபின்னும் பிழை ஓயவில்லை. 2006இல் ஓரிகன், ஓக்லஹோமா அணிகள் ஆடிய ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், ஓரிகன் வீரர் விதிக்கு மாறாகப் பந்தை முன்னதாகவே தொட்டார். மறுகாட்சியை ஆராய்ந்த பின்னரும் தீர்ப்பு திருத்தப்படவில்லை. ஓரிகன் 34–33 என வென்றது. கூட்டமைப்பு பிழையை ஒப்புக்கொண்டு நடுவர்களை ஓர் ஆட்டத்திற்கு இடைநீக்கம் செய்தது. முடிவு மட்டும் அப்படியே நின்றது. படக்கருவி காட்சியைத் தந்தது. அதைப் படித்த கண் மனிதக் கண்ணாகவே இருந்தது.

மறுகாட்சி தேவையற்றது என்பது இதன் பொருளன்று. அதனால் திருந்திய தீர்ப்புகள் எண்ணற்றவை. எனினும், நடந்தது இதுவெனக் காட்டுவதோடு கருவியின் பணி முடிந்துவிடுகிறது. கண்ட உண்மைக்கு ஏற்ப நடப்பது மாந்தர் பணி. 1940இலும் 1990இலும் ஐந்து முயற்சிகளைப் படம் தெளிவாகவே காட்டியது. ஓர் அணி அதைக் கண்டு வெற்றியைத் திருப்பித் தந்தது. மற்றோர் அணி வைத்துக்கொண்டது.

விதி கேட்காததை அறம் கேட்கும் தருணங்கள் களத்தில் மட்டும் வருவனவல்ல. தேர்வில் தவறுதலாகக் கூடிவிட்ட ஒரு மதிப்பெண்ணிலும், கடைக்காரர் மிகுதியாகத் தந்துவிட்ட சில்லறையிலும் அவ்வினா நம்மிடம் வந்து நிற்கிறது. அங்குக் கருவியும் இல்லை, நடுவரும் இல்லை. கார்னெல் அணி அன்று இழந்தது ஓர் ஆட்டத்தை. டார்ட்மத் 3, கார்னெல் 0 என்ற அந்த முடிவு இன்றும் பதிவேட்டில் உள்ளது. அதை அங்கே எழுதுவித்தவர்கள் தோற்றவர்களே.