பெருமாள் வீட்டுக் குதிர்

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். 236 அடி, 1987-ல் முடிந்தது. நான் இன்று நின்றது கொட்டாரத்தின் முன்னால்.

கொட்டாரம் என்றால் கோயில் நெற்களஞ்சியம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வட்டக் கட்டடங்கள். பாட்டி வீட்டில் நெல் கொட்டி வைக்கும் மண் குதிர் ஒன்றை யாரோ பத்து மடங்கு ஊதிவிட்டது போல இருக்கும்.

ஏன் வட்டம்? குவிந்த நெல் சுவரை வெளியே தள்ளும். சதுர அறையில் அந்த அழுத்தம் சுவரின் நடுப்பகுதியைப் பிதுக்கப் பார்க்கும். வட்டச் சுவர் அதைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். ஈரமும் எலியும் பதுங்க மூலையும் கிடையாது. மேலே கொட்டி, கீழே எடுப்பதுதான் குதிரின் கணக்கு.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு இது. கோயில் நிலங்களில் விளைந்த நெல் இங்கே வந்து, மரக்காலில் அளக்கப்பட்டு, மடப்பள்ளிக்குப் போய்த் தளிகையாகி, கடைசியில் நம் கையில் பிரசாதமானது. இதே போல, பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயிலிலும் நாயக்கர் காலத்து வட்டக் களஞ்சியம் ஒன்று நிற்கிறது.



கோபுரம் ஊருக்கு அடையாளம்தான். ஆனால் ஊரின் வயிறு இங்கே இருந்தது. அடுத்த முறை வந்தால், இந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போடுங்கள்.