இரும்பு இருக்கிற கல்

எங்கள் பக்கம் கல்லுக்கு இரண்டே கதிதான். செங்கல்பட்டில் உடைத்து ஜல்லியாக்குவார்கள், மாமல்லபுரத்தில் செதுக்கிச் சாமியாக்குவார்கள். போன வருஷம் ஒரு புரோக்கர் பெரியப்பாவிடம் மூன்றாவது கதியைச் சொன்னார்: "உங்க பாறையில பாதிக்கு மேல பெல்ட்ஸ்பார். டைல்ஸ், கண்ணாடி கம்பெனிக்காரன் கொத்திக்கிட்டுப் போவான். பத்து வருஷக் குத்தகை போடுங்க."

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர். பாதி பாறை, பாதி வேர்க்கடலை. "நீ இன்ஜினியர்தானடா, பாத்துச் சொல்லு" என்றார். நான் எழுதுவது ஜாவா. இருந்தாலும் படித்தேன்.

புரோக்கர் சொன்னதில் பொய் இல்லை. பெல்ட்ஸ்பார் என்பது பொட்டாசியமோ சோடியமோ அலுமினாவோடும் சிலிக்காவோடும் கட்டுண்ட கனிமம். சூளையில் 1150 டிகிரி வாக்கில் அது உருக ஆரம்பித்து, டைல்ஸ் மண்ணின் துளைகளை அடைத்து இறுக்கும். கண்ணாடியில் அதன் அலுமினா உறுதி தரும், காரம் சோடா உப்பின் செலவைக் குறைக்கும்.

சிக்கல் இரும்பு. பல்லாவரத்துக் கல்லுக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த ரகம். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பாரோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற இரும்புக் கனிமமும் அதில் உண்டு. நிறமற்ற கண்ணாடிக்குப் போகும் பெல்ட்ஸ்பாரில் இரும்பு ஆக்சைடு அரை சதவீதம்கூட இருக்கக்கூடாது. இதில் பல மடங்கு. அரைத்துக் காந்தம் வைத்துப் பிரிக்கலாம், நார்வேயில் நெபிலின் சயனைட்டை அப்படித்தான் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் நம்ம கல்லில் பெல்ட்ஸ்பாரே பச்சை கலந்த சாம்பல் நிறம். அழுக்கு மணிக்குள்ளேயே நுண்ணிய கீறல்களில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் காந்தம் எப்படி இழுக்கும்? நெபிலின் சயனைட் தமிழ்நாட்டிலும் உண்டு, காங்கேயம் பக்கம் சிவன்மலையில். அதைப் பற்றியும் எழுதியவர் அதே ஹாலந்துதான்.

சொன்னால் பெரியப்பா நம்பமாட்டார், கண்ணால் பார்க்கணும். பாறைச் சில்லை இடித்துச் சலித்து, மண்பாண்டம் செய்யும் நண்பனின் சூளையில் வைத்தோம். பக்கத்தில் கடையில் வாங்கிய பெல்ட்ஸ்பார் பொடி. மறுநாள் திறந்தால் கடைப் பொடி பால் நிறத்தில் பளபளத்தது. நம்முடையது பனங்கருப்பட்டி நிறத்தில் பாதி உருகி நின்றது.

பெரியப்பா இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது எந்த டைல்ஸ்காரனுக்கும் ஆவாது. அப்போ அவன் எதுக்குடா குத்தகை கேக்கறான்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரத்தை வாங்கி மறுபடி படித்தேன். பெல்ட்ஸ்பார் என்ற சொல் எங்கேயும் இல்லை. 'கல்' என்றுதான் இருந்தது. ஜல்லிக்கு இரும்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கிரஷர் வந்துவிட்டால் தூசி மட்டும் மீதி வேர்க்கடலை மேல் விழும்.

பெரியப்பா புரோக்கரிடம் ஒன்றுதான் கேட்டார்: "டைல்ஸ் கம்பெனி லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்." இன்றுவரை அவர் வரவில்லை. இந்த ஆடியிலும் கடலை விதைத்தாயிற்று.