“சனிக்கிழமை மட்டும்தானுங்க!”

மண்ணரைப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் பனியன் கம்பெனிகளில் சம்பளம் கைக்கு வரும் நேரம். மளிகைக்கடை பாக்கி அடைபடும். டாஸ்மாக்கிலும் கூட்டம் சேரும். ‘கட்டிங்’ என்ற வார்த்தைக்குத் திருப்பூரில் இரண்டு அர்த்தம். ஒன்று துணி வெட்டுவது. இன்னொன்று குவார்ட்டரில் பாதி.

அந்தக் கட்டிங் மாஸ்டருக்கு 44 வயது. ஓயாத களைப்பு, பசியில்லை. “குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்டதும், “சனிக்கிழமை மட்டும்தானுங்க” என்றார். பக்கத்தில் இருந்த மனைவி வாயே திறக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி, இருக்கவேண்டியதைப்போல நான்கு மடங்கு. சிவப்பணுக்களின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 106. அது 100-ஐத் தாண்டினாலே அணுக்கள் பெருத்திருக்கின்றன என்று அர்த்தம். இரண்டுமே நாள்பட்ட குடியில் ஏறக்கூடியவை. அதற்காக இவற்றை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முத்திரை குத்தினால் அது அநியாயம். ஃபேட்டி லிவரும் சில வலிப்பு மாத்திரைகளும்கூட ஜி.ஜி.டி.யை ஏற்றும். பி12 சத்து குறைந்தாலும் அணுக்கள் பெருக்கும். அதனால் டாக்டர் குற்றம் சாட்டவில்லை. மறுபடியும் ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். தினமும் ஒரு குவார்ட்டர் என்று உண்மை வெளியே வந்தது.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பே வரும். அதனால் டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடு நிறுத்தினார். (தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை.)

இரண்டு மாதம் கழித்து அடுத்த ரிப்போர்ட். ஜி.ஜி.டி. நன்றாக இறங்கியிருந்தது. எம்.சி.வி. 103. அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. மனைவியின் கண்ணில் அதுதான் பட்டது.

“இன்னும் கூடத்தானுங்க இருக்குது. எங்கயோ குடிச்சுப்போட்டுத்தான் வர்றாரு.”

அவர் முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷம் பொய் சொன்ன மனிதர் இந்த 60 நாளாக ஒரு சொட்டு தொடவில்லை.

டாக்டர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். “ஜி.ஜி.டி. சில வாரத்துல இறங்கிடும்மா. குடிச்சிருந்தா இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. ஆனா ஒரு சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள். குடிச்ச காலத்துல உண்டானதுல பாதி இன்னும் உள்ளதான் ஓடிட்டிருக்கு.”

“பழைய லாட்டு இன்னும் குடோன்லயே கெடக்குதுங்களா?” என்றார் மாஸ்டர், தைரியம் வந்தவராக.

மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் மேஜையில் இருந்த காலண்டரை எட்டிப் பார்த்தார்.

“அப்போ அந்த 120 நாள் என்னைக்குங்க முடியுது?”